தாமதமாய் வந்த தூதன்



குடியினால் குடும்பங்கள் சீரழிவதை அன்றாடம் காணும் பங்குக் குரு ஒருவன் திராட்சை இரசத்தைப் பற்றி எழுதுவது தகுமோ என நீங்கள் ஐயுறலாம். அதனைப் பருகத் தூண்ட நான் எழுதவில்லை. அதற்குரிய கனி ஒன்று எனக்குக் கற்பித்த பாடத்தையே கூற விழைகிறேன்.

2012-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஜெர்மனி நாட்டில் ரைன் நதிக்கரைப் பங்கொன்றில் சில வாரங்கள் பணியாற்றினேன். ஒருநாள் யோஹானிஸ்பெர்க் என்னும் குன்றுக்குச் சென்றேன். நம் வழக்கில் அது அருளப்பர் குன்று. ஸ்நாபக அருளப்பரின் பெயர் தாங்கிய பழைய கோவில் அதன்மேல் நிற்கிறது. குன்றின் தென்சரிவு முழுவதும் ஒரே தோட்டம். பெனடிக்ட் சபையின் ஃபுல்டா மடத்தார் 1720-ஆம் ஆண்டில் அங்கு 'ரீஸ்லிங்' என்னும் வெள்ளைத் திராட்சைக் கொடிகளைப் பெருமளவில் நட்டனர்.

வடக்கே டவுனஸ் மலைகள் குளிர்காற்றைத் தடுக்கின்றன. தெற்கே அகன்ற நதி, கதிரொளியைச் சரிவின்மேல் திருப்பி வீசுகிறது. ரீஸ்லிங் மெதுவாகவே பழுக்கும். இனிப்பு ஏறிய பின்னும் புளிப்பை இழக்காது. அப்புளிப்பே அதன் இரசத்தைப் பல்லாண்டுகள் கெடாமல் காக்கிறது.

அந்நாளில் ஃபுல்டா மடாதிபதியின் அனுமதி வராமல் அங்கு அறுவடை தொடங்கலாகாது. 1775-ஆம் ஆண்டு அனுமதி கொணரச் சென்ற குதிரைத் தூதன் பல நாள் தாமதித்தே திரும்பினான். காரணம் பலவாறு கூறப்படுகிறது. அதற்குள் கனிகள் சுருங்கிப் பூஞ்சணம் பிடித்துவிட்டன. துறவியர் அவற்றை எறிந்துவிடாமல் பிழிந்தனர். அந்த இரசமோ அவர்கள் அதுவரை அறிந்தவை அனைத்தினும் சிறந்து விளங்கிற்று என்பது அங்கு வழங்கும் வரலாறு. அத்தூதனுக்கு அங்கே சிலையும் உண்டு.

காலையில் மூடுபனியும் பின்னர் வெயிலும் வாய்த்தால், அப்பூஞ்சணம் கனியின் தோலில் நுண்துளையிடும். நீர் ஆவியாகி இனிப்புச் செறியும். ஓயாது மழை பெய்தாலோ அதே பூஞ்சணம் குலையையே அழித்துவிடும். ஆதலால் அத்தகைய கனிகளைக் கொய்வோர் ஒரே கொடியிடம் பலமுறை சென்று, சில வேளை கனி கனியாகத் தெரிந்தெடுப்பர். பின்னர் மென்மையாகப் பிழிந்து, தோலை நீக்கி, சாற்றைக் குளிர்ந்த நிலவறையில் மெல்லப் புளிக்க விடுவர்.

தோட்டத்து முதியவர் ஒருவர் சாம்பல் பூத்த கனியொன்றை என் உள்ளங்கையில் வைத்து, உண்ணுமாறு சைகை காட்டினார். அருவருப்புடன் வாயிலிட்டேன். தேனாய் இனித்தது. அக்கணமே ஒரு தாயின் முகம் என் கண்முன் வந்தது.

எட்டாண்டுகளுக்கு முன்னர், எங்கள் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசித்த இளைஞன் காணிக்கைப் பணத்தில் கைவைத்தான். அவன் தாய் குருமனை வாசலில் நின்று, "இந்த ஒரு தடவை மன்னிச்சிருங்க சாமி" என்று அழுதாள். நானோ, "அழுகிய பழத்தைக் கூடையில் வைத்தால் மற்றவையும் அழுகும்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அவன் ஊரை விட்டே போய்விட்டான். அவன் செய்தது தவறுதான். ஆயினும் அக்கனியை ஒருமுறை கையிலெடுத்துப் பார்க்கும் பொறுமை எனக்கு இருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அத்தாயிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் தகரப் பெட்டியைத் திறந்து மகனுடைய முகவரியை எடுத்துத் தந்தாள். அன்றிரவே அவனுக்கு எழுதினேன். ஐந்து மாதங்களுக்குப் பின்னரே பதில் வந்தது. அதில் இருந்தது ஒரே வரி: "அந்த ஆர்மோனியம் இன்னும் கோவிலில் இருக்கிறதா சாமி?"

இருக்கிறது என்று உடனே பதில் எழுதினேன். வேறெவரிடமும் கொடுக்காமல், நானே தபால் நிலையத்திற்குக் கொண்டு சென்றேன்.