வீட்டு நாய் போய் வந்த காணி

யாழ்ப்பாணம் வரை ஓடும் ஏ-9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது. அந்த வீதியாலேயே வன்னிப் பெண்கள் சிலருடன் கண்டிக்குப் போனோம். தலதா மாளிகை வாசலில் பைகளைத் திறந்து காட்டினோம். 1998 ஜனவரி குண்டுவெடிப்பை அந்த ஊர் மறக்கவில்லை. பொலிஸ் மோப்ப நாய்ப் பிரிவின் தலைமையகம் அஸ்கிரியவில் இருக்கிறது என்றதும் சிலரின் முகம் மாறியது. சோதனைச் சாவடியில் நாய் மணந்துவிட்டுப் போகும்வரை மூச்சை அடக்கி நின்றவர்கள் அவர்கள்.

முல்லைத்தீவு அக்கா ஒருவர் மட்டும் வேறு விதமாகக் கேட்டார். "உந்த நாயளுக்கு வெடி மணக்குமெண்டால் எங்கட நாய்க்கும் மணக்கும்தானே? அது நாள் தவறாமல் பின்வளவுக்குள்ள போய் வருது. அப்ப அங்க ஒண்டும் இல்லைத்தானே, தங்கச்சி?"

வாவிக்கரையில் இருந்து அதைப் பற்றியே பேசினோம்.

மணத்தை உணரும் கலங்கள் நமது மூக்கில் ஏறத்தாழ 50, 60 இலட்சம். நாய்க்கு 20 கோடிக்கு மேல். புதைந்த மிதிவெடியின் மருந்து அதன் கூட்டினூடாகச் சிறிது சிறிதாகக் கசிந்து மண்ணில் ஊறும். நாய் பிடிப்பது அந்த மணத்தை. உலோகம் காட்டும் கருவி ஆணிக்கும் ஒலிக்கும், ஷெல் துண்டுக்கும் ஒலிக்கும். எங்கள் காணிகளில் அது எத்தனை தடவை வீணாக ஒலிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் வன்னியில் மிதிவெடி அகற்றியவர்களும் நாய்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அவை மாதக்கணக்கில் பழக்கப்பட்டவை. மருந்து மணத்தால் அசையாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் விளையாடப் பந்து கிடைக்கும். அப்படிப் பழகிய நாயும் வெயிலில் இளைக்கத் தொடங்கினால் மோப்பம் பிசகும். வீட்டு நாய்க்கும் மணம் வரும்தான். அதைக் கண்டால் நிற்க வேண்டும் என்று யார் அதற்குச் சொல்லிக் கொடுத்தது?

எடையும் ஒரு காரணம். கம்போடியாவில் மகாவா என்ற ஆப்பிரிக்க எலி 71 மிதிவெடிகளைக் கண்டுபிடித்து, 2020இல் தங்கப் பதக்கமும் வாங்கியது. (எலிக்குப் பதக்கமா என்று எல்லோரும் சிரித்தார்கள்.) மேலே நடந்தாலும் வெடிக்காத அளவுக்கு அது பாரம் குறைந்தது. கோழியும் பூனையும் போய் வந்தால் மனிதரும் போகலாம் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து!

மறுநாள் பின்னவலைக்குப் போனோம். ஆப்பிரிக்க யானைக்கு மணத்தை அறியும் மரபணுக்கள் ஏறத்தாழ 2000, நாயைவிட இரு மடங்கு என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் நாட்டு யானையும் தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மணந்தபடியேதான் நடக்கிறது. பின்னவலையில் வளர்ந்த சாமா என்ற யானை, குட்டியாக இருந்தபோதே மிதிவெடியில் முன்கால் பாதத்தை இழந்தது. இதைக் கேட்ட அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "யாரிட்டச் சொல்ல வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

கிராம சேவையாளரிடம் சொல்லுங்கள், அல்லது பக்கத்தில் வேலை செய்யும் மிதிவெடி அகற்றும் குழுவிடம் சொல்லுங்கள். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. காணிகளைத் துப்புரவாக்க 2028 வரை தவணை உண்டு. முகமாலையில் முழங்காலில் இருந்து மண் கிளறியவர்களில் பலர் நம்மைப் போன்ற பெண்கள்தான். அவர்கள் வந்து பார்க்கும்வரை வளவுக்குள் இறங்க வேண்டாம், பற்றைக்குத் தீ வைக்கவும் வேண்டாம். நாயையும் கட்டி வையுங்கள்.