அழித்தும் போகாத பாஸ்வேர்டு

இது ஒரு சொந்தக் கதை, சோகக் கதை. கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரமும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன லீவில் எங்கள் தொப்பம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மூன்று வாரம் வேலைக்கு உட்கார்ந்தேன். சிட்டா பிரிண்ட், லேமினேஷன், ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன், இதுதான் பிழைப்பு. அந்தக் கடை கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு இருக்கிறது. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்த மென்பொருள், என்னைவிட மூத்தது. பிரிண்டுக்கு வரும் ஃபைல்கள் எல்லாம் கடையின் ஜிமெயில் வழியாக அதில் இறங்கும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கச் சுலபமாக இருக்குமே என்று என் ஜிமெயிலையும் அதில் சேர்த்துவிட்டேன். புத்திசாலி!

லீவு முடிந்த அன்று பொறுப்பாக செட்டிங்ஸில் நுழைந்து, சேமித்த பாஸ்வேர்டு பட்டியலில் என் கணக்கைத் தேடிப்பிடித்து அழித்தேன். பட்டியலில் இருந்து போய்விட்டது. நிம்மதியாக ஹாஸ்டலுக்கு பஸ் ஏறினேன்.

நாலாம் நாள் கடைக்கார அண்ணனிடமிருந்து போன். "தம்பி, உன்ற மெயில் எல்லாம் இங்க வந்து விழுந்துட்டே இருக்குது. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. முந்தின நாள்தான் அக்கா ஒரு பத்திரத்தை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தாள். என் காலேஜ் ஃபீஸுக்காக அப்பா காட்டை அடமானம் வைத்த பத்திரம். ஊரில் யாருக்கும் தெரியாது, சித்தப்பாவுக்குக்கூட.

சனிக்கிழமை ஓடினேன். விஷயம் இதுதான். பட்டியலில் நான் அழித்தது டிஸ்க்கில் எழுதி வைத்திருந்ததை மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் தண்டர்பேர்டு அதை மெமரியிலும் வைத்திருக்கிறது, மூடித் திறந்தால்தான் மறக்கும். அந்தக் கடையில் கம்ப்யூட்டரை யாரும் ஷட் டவுன் செய்வதில்லை, ஸ்லீப்பில் போட்டுவிட்டு ஷட்டரை இறக்குவார்கள்.

இன்னொன்று, நான் அழித்தது பாஸ்வேர்டே இல்லையாம். 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், வழக்கமான பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து இப்படிப்பட்ட மென்பொருள்கள் நுழைவதை கூகுள் நிறுத்திவிட்டது. இப்போது தண்டர்பேர்டிடம் இருப்பது ஒரு டோக்கன், அதாவது நாம் கொடுத்த அனுமதிச் சீட்டு. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் போய் அந்த அனுமதியை நாமே ரத்து செய்யலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தச் சீட்டு செல்லாமல் போகும். ஹாஸ்டல் கட்டிலில் படுத்தபடியே மொபைலில் செய்திருக்கலாம். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால்!

நெட்டில் தேடினால் லாகின்ஸ் டாட் ஜேசன் என்ற ஃபைலையே தூக்கிவிடு என்கிறார்கள். தூக்கினால் கடை பாஸ்வேர்டும் சேர்ந்து போகும். அண்ணன் என்னைத் தூக்கிவிடுவார்.

சரி என்று மூடித் திறந்தேன். புது மெயில் வருவது நின்றது, லாகின் கேட்டது. ஆனால் அக்கா அனுப்பிய பத்திரம் ஜம்மென்று உள்ளே இருக்கிறது. கிளிக் செய்தால் திறக்கிறது. ஒரு பாஸ்வேர்டும் கேட்கவில்லை. பாஸ்வேர்டு என்பது கூகுளிடமிருந்து மெயிலை எடுத்து வருவதற்குத்தான். எடுத்து வந்த பிரதி கடை டிஸ்க்கில் சும்மா கிடக்கிறது. இதை மொபைலில் இருந்து ஒன்றும் செய்திருக்க முடியாது, பஸ் செலவு வீணில்லை.

அக்கவுண்ட் செட்டிங்ஸில் ரிமூவ் அக்கவுண்ட் கொடுக்கும்போது, மெயில்களையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கட்டம் தனியாக இருக்கும். அதையும் டிக் செய்தேன். குக்கீகளில் கூகுள் பெயரில் இருந்ததையும் அழித்தேன். மறுபடி மூடித் திறந்தேன். கடையின் மெயில் மட்டும் இருந்தது.

அண்ணன் பத்திரத்தைத் திறந்து பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. சிட்டா எடுக்க வந்த ஒரு பெரியவரிடம் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, "டீ சொல்லட்டுமா தம்பி?" என்றார்.