பவர் சப்ளைக்கும் ஒரு லாப நஷ்டக் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசஸர், ரேம் எல்லாம் விசாரிக்கிறோம். பின்னால் கிடக்கும் பவர் சப்ளையை யாரும் கண்டுகொள்வதில்லை. பி.காம் படிக்கும் எனக்கோ அது ஒரு கணக்குப் புத்தகமாகத்தான் தெரிகிறது :-)

கம்ப்யூட்டருக்குத் தேவை 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். பவர் சப்ளையின் திறன் 70 சதவீதம் என்றால் சுவரிலிருந்து 286 வாட் இழுக்கும். 90 சதவீதம் என்றால் 222 வாட்தான். தினம் 8 மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 15 யூனிட் தண்டம்! வீணாகும் மின்சாரம் சூடாக மாறும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஃபேன் வேகமாகச் சுற்றும். அதுதான் இரைச்சல். ஆக, இரண்டும் ஒரே நஷ்டம்தான்.

2004-இல் தொடங்கிய '80 பிளஸ்' சான்றிதழுக்கு 20, 50, 100 சதவீதச் சுமைகளில் திறனைச் சோதிக்கிறார்கள். சத்தம் அதில் சேர்த்தியில்லை. டெசிபல் எண்ணைக் காட்டினால், எவ்வளவு தூரத்திலிருந்து அளந்தது என்று கேளுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தாலே சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். தூரம் சொல்லாத டெசிபல், தேதி போடாத இருப்புநிலைக் குறிப்பு மாதிரி.

வீட்டில் வாட் மீட்டர் இருந்தால் இரண்டு பவர் சப்ளைகளை ஒரே கம்ப்யூட்டரில், ஒரே வேலைக்கு மாற்றி மாட்டிப் பாருங்கள். குறைவாக இழுப்பதே சிக்கனமானது. கரண்ட் பில் கட்டுவது அப்பா, பக்கத்துக் கட்டிலில் தூங்குவது தம்பி. இருவருக்காகவும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆகவேண்டும்.