அரிய திமிங்கிலம், சாதாரணப் பறவை

பழநிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம் என்று ஓர் ஊர். பேரில்தான் சமுத்திரம். அசல் கடல் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அந்த ஊர்க்காரரிடம், 'கடலில் எது அரிது, எது சாதாரணம்?' என்று நீங்கள் கேட்டால், 'எனக்கு எல்லாமே அரிதுதான் சார்' என்பார். சரியான பதில். ஏன் என்று சொல்கிறேன்.

லாங்மன் அலகுத் திமிங்கிலம் என்று ஒன்று. நம் இந்தியப் பெருங்கடலிலும் திரிவது. வளர்ந்ததன் நீளம் சுமார் ஆறு மீட்டர். 1882-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அதன் மண்டையோடு ஒன்று கிடைத்தது. 1926-ல் ஹீபர் லாங்மன் என்பவர், இது புது இனம் என்று அறிவித்தார். அடுத்த மண்டையோடு 1955-ல் சோமாலியாவில் கிடைத்தது, ஓர் உரத் தொழிற்சாலையின் தரையில்! கொஞ்சம் அசந்திருந்தால் யார் வயலுக்காவது எருவாகியிருக்கும். இந்த ரெண்டு மண்டையோடுகளை வைத்துத்தான் பல வருஷம் அதை 'உலகின் மிக அரிய திமிங்கிலம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2003-ல் டி.என்.ஏ. சோதனை செய்ததில், 2000-ல் மாலத்தீவில் கரை ஒதுங்கியதும் இதே இனம் என்று தெரிந்தது. அதைவிட வேடிக்கை, வெப்பக் கடல்களில் பலரும் பார்த்து, 'இது என்ன திமிங்கிலமோ' என்று குழம்பிக்கொண்டிருந்ததும் இதுதான். அது ஒளிந்திருக்கவில்லை, நமக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

இப்போது வில்சன் பெட்ரல் என்ற கடற்பறவையைப் பாருங்கள். எடை சுமார் நாற்பது கிராம். அன்டார்டிக்கா பக்கம் பாறை இடுக்கில் ஒரே ஒரு முட்டை இடும். அங்கே குளிர்காலம் வந்ததும் கிளம்பி, நம் தென்மேற்குப் பருவக்காற்று சமயத்தில் இந்தப் பக்கக் கடல்களுக்கு வந்துவிடும். தண்ணீர் மேல் நடப்பதுபோல் காலைத் தட்டித் தட்டிப் பறந்து இரை தேடும். உலகில் மிக அதிகமாக உள்ள கடற்பறவைகளில் ஒன்று. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நடுக்கடலுக்குப் போகும் மீனவர் பார்த்திருப்பார்.

அரியதைத் தேடி விஞ்ஞானிகள் போகிறார்கள். சாதாரணத்தை யார் எண்ணுகிறார்கள்? 1980-களில் இந்தியாவில் வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகள் ஏராளம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் வழியாக அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்வதற்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டன. 'எங்கே காணோம்?' என்று நாம் கேட்டதே ரொம்ப லேட்.

இன்று சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனால் காக்கைகளை எண்ணிப் பாருங்கள். தேதி போட்டு எழுதியும் வையுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.