செங்கீரைக்கு ஒரு கைங்கரியம்

மகளின் பேறுகாலத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்குச் சென்றிருந்தார் ஒரு பாட்டி. பேரனுக்கு இரண்டு மாதம் ஆனபோது, அவன் எந்நேரமும் வலப்புறமே முகம் திருப்பிப் படுப்பதையும், பின்தலை அப்பக்கம் தட்டையாகி வருவதையும் கவனித்தார். தலையைப் பிடித்துவிட்டு, பழந்துணியைச் சுருட்டி அணை கொடுக்க முனைந்தார். "தூங்கும்போது தலைக்கு எதுவும் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் அம்மா" என்று மகள் தடுத்தாள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அந்தத் தாயின் மனம் நொந்தது.

மகள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. உறக்கத்தில் சிசுக்கள் திடீரென இறப்பதைத் தடுக்க, குழந்தைகளை மல்லாத்தியே உறங்கவைக்க வேண்டும் என்ற பிரசாரம் 1994-ஆம் ஆண்டு அந்நாட்டில் தொடங்கியது. அத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஆனால், இளம் மண்டையோடு மென்மையானது. ஒரே இடத்தில் அழுத்தம் பட்டால் தட்டையாகும். கழுத்துத் தசை இறுகியிருந்தால் குழந்தை மறுபுறம் எளிதில் திரும்பவும் இயலாது.

பேரனைப் பரிசோதித்த இயன்முறை சிகிச்சையாளரான பெண்மணி, தலையை அழுத்தவே இல்லை. "குழந்தை தானாகத் திரும்ப வேண்டும்; திரும்பும் ஆசையை நாம் உண்டாக்க வேண்டும்" என்றார். இடப்புறம் நின்று பேசுவது, கிலுகிலுப்பையை அப்பக்கம் ஆட்டுவது, தூக்கும் தோளை மாற்றுவது, விழித்திருக்கும் வேளையில் அருகிருந்து சிறிது நேரம் குப்புறப் படுக்கவைப்பது ஆகியவையே அவர் கற்பித்த பயிற்சிகள். உறக்கம் மட்டும் எப்போதும் மல்லாந்தே.

குப்புறக் கிடந்த பேரன் தலையைத் தூக்க முயன்றதும் பாட்டியின் முகம் மலர்ந்தது. கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் பருவத்தைத்தானே பிள்ளைத்தமிழ் நூல்கள் செங்கீரைப் பருவம் எனப் போற்றுகின்றன! கண்ணனுக்கும் முருகனுக்கும் பாடப்பெற்ற பருவத்துக்கு அல்லவா இந்தப் பயிற்சி வழி செய்கிறது! மனத்தாங்கல் அகன்றது. பூஜை வேளை தவறாதது போலவே பயிற்சி வேளையும் தவறாது காத்தார். இடப்புறம் அமர்ந்தே சுலோகங்கள் சொன்னார். குரல் வந்த திசைக்குக் குழந்தை மெல்ல மெல்லத் திரும்பலானான். ஐந்தாம் மாதம் இருபுறமும் நோக்கிச் செங்கீரை ஆடினான். தலையின் தட்டையும் வெகுவாகக் குறைந்திருந்தது.

நெதர்லாந்தில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்விலும், ஏழாம் வாரம் முதல் இத்தகைய பயிற்சி பெற்ற குழந்தைகளிடம் கடுமையான தட்டை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுவதே முக்கியம். அதன்பின் தேவைப்படுவது பொறுமை. அப்பொறுமையை ஆண்டவன் மூத்தோரிடம் நிறையவே அளித்திருக்கிறான்.