செடி ஒன்று, சட்டம் இரண்டு

சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று வகுப்பறையில் நாம் கற்பிக்கின்றோம். மாணவர் அதை எழுதிக்கொள்கின்றனர். பரீட்சையில் திருப்பி எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆனால் வகுப்பறைக்கு வெளியே, தாம் வாழும் ஒழுங்கையில், அந்த வாக்கியம் மெய்ப்படுகின்றதா என்று அவர்கள் நம்மைக் கேட்டால் என்ன விடை கூறுவது? அப்படி ஒரு கேள்வியை ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான். கேள்வி ஒரு செடியைப் பற்றியது. அதன் பெயர் கஞ்சா.

நான் வெள்ளவத்தையில் குடியிருப்பவன். மாலை வேளைகளில் கொட்டாஞ்சேனைக்குச் சென்று, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் சிலருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகின்றேன். அவர்களுள் ஒருவனின் தந்தை புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. வெங்காய மூட்டையும் சீனி மூட்டையும் நாள்முழுதும் முதுகில் ஏற்றி இறக்குபவர். இரவில் உடல்வலி தீர ஒரு சுருள் புகைப்பது அவர் வழக்கம். சாராயம் குடிக்கும் அளவுக்கு அவருக்கு வருமானம் இல்லை.

2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்னும் பெயரில் நாடெங்கும் சுற்றிவளைப்புகள் தொடங்கின. போதைப்பொருளை ஒழிக்கும் பெரும்போர் என்று அது வருணிக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் கைதாயினர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள், இந்நடவடிக்கையை நிறுத்தி மறுபரிசீலனை செய்யுமாறு அரசாங்கத்தைக் கேட்கும் நிலை வந்தது. அந்த ஜனவரியில்தான் நாட்டாமையின் சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய சிறு பொட்டலம் ஒன்று எடுக்கப்பட்டது. பிணை நிற்க ஆளில்லாமையால் விளக்கமறியலில் சில வாரங்கள்; பின்னர் தண்டப்பணம்; தண்டப்பணத்துக்காக வட்டிக்கடன். அவர் திரும்பி வந்தபோது அவர் நின்ற கடைவாசலில் வேறொருவர் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். மே மாதம் பரீட்சை நடந்தது. மகன் பரீட்சை மண்டபத்துக்குப் போகவில்லை. மூட்டை தூக்கப் போனான்.

வெள்ளவத்தையிலும் கஞ்சா உண்டு. கடற்கரையை நோக்கிய மாடி வீடுகளில், வசதியான பிள்ளைகள் அதைப் புகைப்பதை அயலவர் அறிவர். ஆனால் அந்த மாடிகளின் மின்தூக்கியில் மோப்ப நாய் ஏறியதை நான் கண்டதில்லை. சுற்றிவளைப்பதற்கு ஒழுங்கை வேண்டும். ஒழுங்கை ஏழையின் முகவரி. ஒரே நகரின் இரு பகுதிகளுக்குள் ஒரே சட்டம் எத்தனை வேறுபட்ட முகங்களுடன் நடமாடுகின்றது!

இப்பின்னணியில் 2025இல் வெளிவந்த செய்தியைப் பாருங்கள். முதலீட்டுச் சபையின் ஏற்பாட்டின் கீழ் ஏழு அந்நிய முதலீட்டாளர்கள் இலங்கையில் கஞ்சா பயிரிட அனுமதி பெற்றனர். மீரிகமவில் 64 ஏக்கர் நிலம். ஒவ்வொருவரும் குறைந்தது 50 இலட்சம் டொலர் முதலிட வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதின. விளைவது யாவும் ஏற்றுமதிக்கே. உள்நாட்டில் விற்பனை இல்லை. செய்தி வந்த வாரத்தில் அந்தச் சிறுவனைப் புறக்கோட்டையில் கண்டேன். தலையிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டுக் கேட்டான்:

“சேர், அவங்க அறுபத்துநாலு ஏக்கர் போடலாமாம். அப்பாட பொட்டலத்துக்கு மட்டும் ஏன் சேர் மறியல்?”

விடை கூறச் சட்டத்தின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

இந்தச் செடி நம் நாட்டுக்குப் புதியதன்று. சிங்கள வைத்திய மரபு அதன் இலையைத் ‘திரைலோக்ய விஜய பத்திரம்’, அதாவது மூவுலகையும் வெல்லும் இலை, என்று போற்றியது. சித்த வைத்தியரும் அதைச் சுத்தி செய்து, மற்றச் சரக்குகளுடன் அளவறிந்து சேர்த்து, லேகியமாகவும் சூரணமாகவும் வழங்கினர். உறக்கமின்மை, வயிற்றுக் கடுப்பு, தீராத வலி ஆகியவற்றுக்கு அது மருந்தாக இருந்தது. பிரித்தானியர் இந்தியாவில் 1893இல் ஒரு விசாரணைக் குழுவை நியமித்து, கஞ்சா பற்றிப் பல தொகுதிகள் கொண்ட அறிக்கை ஒன்றைப் பெற்றனர். அளவான உபயோகத்தால் பெருந்தீங்கு இல்லை, முழுத் தடை வேண்டியதில்லை என்பதே அக்குழுவின் முடிவு. ஆனால் 1925இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாடு கஞ்சாவையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நான்கு ஆண்டுகளின் பின், 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இங்கு பிறந்தது. உரிமமின்றி அச்செடியை வளர்ப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாயின. பலமுறை திருத்தப்பட்டும் அக்கட்டளைச் சட்டமே இந்நாட்டில் நிலைத்துவிட்டது. 1984ஆம் ஆண்டின் திருத்தம் ஹெரோயின் முதலியவற்றுக்கு மரண தண்டனை வரை விதித்தது.

அதே குடியேற்ற ஆட்சி சாராயத்தை என்ன செய்தது? குத்தகைக்கு விட்டது. ஊருக்கு ஊர் தவறணை திறந்து வரி திரட்டியது. எனவே மக்களின் உடல்நலம் பற்றிய கவலையே இச்சட்டங்களைப் பெற்றெடுத்தது என்று நம்புவது கடினம். எதில் வருமானம் உண்டோ அதற்கு உரிமம். எதில் இல்லையோ அதற்கு விலங்கு.

சுதந்திரத்தின் பின் ஒரு சிறு வாசல் திறந்தது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், பதிவுபெற்ற சுதேச வைத்தியர் மருந்து தயாரிப்பதற்காக அனுமதியுடன் அபினையும் கஞ்சாவையும் பெற வகைசெய்தது. ஆனால் அந்த வாசல் வழியே வருவது என்ன? கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழக்கமான முதிய சித்த வைத்தியர் ஒருவர் உளர். யாழ்ப்பாணத்துப் பரியாரி பரம்பரையைச் சேர்ந்தவர். அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

“மாஸ்டர், களவுச் சரக்கைப் பொலிசு பிடிக்கும். வழக்கு வருசக் கணக்கில நடக்கும். அது முடிஞ்ச பிறகுதான் எங்களுக்கு வரும். அப்ப அதில மணமும் இல்லை, குணமும் இல்லை. வைக்கோலைப் போட்டு லேகியம் கிண்டச் சொன்னால் நான் என்ன செய்யிறது?”

இது அவர் ஒருவரின் முறைப்பாடன்று. 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே இதனைப் பகிரங்கமாகக் கூறினார்: நீதிமன்றங்களிலிருந்து வைத்தியர்களுக்குக் கிடைக்கும் கஞ்சா நான்கைந்து ஆண்டு பழையது, வீரியம் இழந்தது. அதற்குப் பரிகாரமாக இங்கிரியவில் 100 ஏக்கரில், இராணுவக் கண்காணிப்பில், அரசாங்கமே பயிரிடும் என்று அவர் அறிவித்தார். புத்திலை தம் உரலுக்கு வரும் என்று அன்று எதிர்பார்த்ததாகவும், இன்னும் எதிர்பார்ப்பதாகவும் நம் வைத்தியர் கூறுகின்றார்.

வைத்தியரின் தேவை அரை நூற்றாண்டாக அசைக்காத கதவை எது அசைத்தது? டொலர்ப் பஞ்சம். 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று கைவிரித்தது. அவ்வாண்டு நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்ட உரையில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவது குறித்து ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை இடம்பெற்றது. செடியின் குணம் மாறவில்லை. அதன் விலை மாறியது. அதனுடன் சட்டத்தின் பார்வையும் மாறிற்று.

இந்நாட்டு வரலாறு கற்பிக்கும் ஆசிரியருக்கு இது பழகிய கதை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட இயலாத நிலமெல்லாம் முடிக்குரியது என்று கொண்டது. சேனைப்பயிர் செய்த கிராமத்தவன் தன் காட்டிலேயே அத்துமீறியவன் ஆனான். அந்நிலத்தைக் கோப்பித் துரை மலிவாகப் பெற்றான். இன்று மொனராகலைக் காட்டோரத்தில் நான்கு செடி வைத்துப் பிடிபடும் சேனை விவசாயி குற்றவாளி. பெரும்பாலும் அவன் கூலிக்காரனே. பணம் போட்டவன் நகரில் இருப்பான். அந்த விவசாயிக்கு மீரிகமவில் ஓர் அடி நிலமேனும் கிடைக்குமா? 50 இலட்சம் டொலர் உள்ளவனுக்கே வேலி திறக்கும். கோப்பிக்குப் பின் தேயிலை, தேயிலைக்குப் பின் கஞ்சா. பயிர் மாறினும் தோட்டம் மாறவில்லை.

‘அப்படியாயின் கஞ்சாவை எல்லாருக்கும் திறந்துவிடச் சொல்கின்றீரா?’ என்று வாசகர் கேட்கலாம். இல்லை. நான் ஆசிரியன். வளரும் மூளைக்கு அது தீங்கு செய்யும் என்பதையும், இளவயதில் மிகுதியாகப் புகைப்போர் சிலரை மனநோய் பீடிக்கின்றது என்பதையும் மருத்துவம் எச்சரிக்கின்றது. இந்தியாவிலிருந்து படகேறி மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் இறங்கும் மூட்டைகள் எந்த வைத்தியசாலைக்கும் போவதில்லை. நம் பிள்ளைகளிடமே வருகின்றன. இவ்வணிகத்தை ஒழிப்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. ஆனால் அது மூட்டை சுமப்பவனைச் சிறையிலடைப்பதால் ஒழிந்ததா? 1929 முதல் தொடர்ந்த தண்டனையின் பலனை நம் தெருக்களே காட்டுகின்றன.

உலகமும் இச்செடியை மீண்டும் எண்ணிப் பார்க்கின்றது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 27க்கு 25 என்ற வாக்குக் கணக்கில், மருத்துவப் பயன் அருகிய மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. கனடா 2018இல் விற்பனையைச் சட்டபூர்வமாக்கியது. தாய்லாந்து 2022இல் தளையை அவிழ்த்தது. உரிய விதிகள் அமைவதற்கு முன்பே கடைகள் காளான்போல் முளைத்தன. 2025இல் மருத்துவரின் சீட்டு வேண்டும் என்று மீண்டும் இறுக்க நேர்ந்தது. பொதுநலக் கட்டுப்பாடின்றிச் சந்தையிடம் விடுவதன் விளைவு அது.

நமக்கு நெருக்கமான பாடம் ஜமெய்க்காவினது. நம்மைப் போலவே பெருந்தோட்டத்தால் அடிமைப்பட்ட தீவு அது. அங்கே 2015ஆம் ஆண்டின் திருத்தம், இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருப்பதைச் சிறு அபராதத்துடன் தீரும் பிழையாக்கியது. குற்றப் பதிவு இல்லை. வீடொன்றுக்கு ஐந்து செடி வரை வளர்க்கவும் விட்டது. ஏழை இளைஞன் சிறைவாசலைக் காணாது தப்பினான். ஆயினும் வணிக உரிமத்தின் செலவு மிகுதியாதலால் மலைச்சாரலின் சிறு விவசாயிகள் அங்கும் வெளியே நிற்கின்றனர். சிறைக்கதவைத் திறப்பது பாதி வேலை. நிலத்தின் கதவைத் திறப்பது மறுபாதி.

ஆதலின் நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, தன் உபயோகத்துக்கெனச் சிறிதளவு வைத்திருந்தவனை விளக்கமறியலுக்கு அனுப்பாதிருத்தல். பழக்கத்துக்கு அடிமையானவனை நோயாளியாக நடத்துதல். இரண்டாவது, அரசாங்கப் பண்ணையில் மருந்துக்கெனப் பயிரிட்டு, சுதேச வைத்தியருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் புத்திலையை வழங்குதல். 1961இலேயே ஒப்புக்கொண்ட உரிமை இது. மூன்றாவது, ஏற்றுமதிக்காகப் பயிரிடுவதே அரசாங்கத்தின் முடிவாயின், உலர்வலய விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதலிடம் அளித்து, விளைச்சலை அரசாங்கமே கொள்முதல் செய்தல். ஆதாயத்தில் ஒரு பங்கை மனநல வைத்தியத்துக்கும் பாடசாலைகளுக்கும் ஒதுக்குதல்.

இவை புரட்சியான கோரிக்கைகள் அல்ல. நேர்மையான கணக்கு மட்டுமே. ஒரு செடி நஞ்சு என்றால் டொலர் கொடுப்பவனின் கையிலும் அது நஞ்சே. மருந்து என்றால் கொட்டாஞ்சேனை வைத்தியரின் உரலிலும் அது மருந்தே. இரண்டும் கலந்தது என்றால், அளவறிந்து ஆளும் சட்டம் எல்லாக் கைகளுக்கும் ஒரே அளவுகோலைப் பிடித்தல் வேண்டும். அந்த அளவுகோல் வரும்வரை, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்னும் பாடத்தை முடிந்துபோன செய்தியாக நாம் கற்பிக்கலாகாது. இன்னும் நிறைவேறாத கடமையாகவே கற்பிக்க வேண்டும்.