கொலுப்படியின் கீழ் ஓர் உப்பங்கழி

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்தோர் தம்முடன் தூக்கி வரும் சுமைகளுள் கொலுப்பொம்மைப் பெட்டியும் ஒன்று. தோப்பும்படியில் நாங்கள் குடியேறிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுதோறும் நவராத்திரியில் எங்கள் கூடத்தில் படிகள் எழும். அவற்றின் அடியில் ஒரு சிற்றூரும் எழும். ஈர மணலால் குன்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் குளம், கேழ்வரகும் கடுகும் முளைத்த பசுமையால் வயல். அந்த ஊர் எப்பொழுதும் தாமிரவருணிக் கரையில் நாங்கள் விட்டுவந்த ஊராகவே இருந்தது.

சென்ற நவராத்திரியில், பதினான்கு வயது நிரம்பிய எங்கள் மகன் அவ்வூரை அமைக்க மறுத்தான். "நான் பார்க்காத ஊரை எத்தனை தடவை அப்பா கட்டுவது?" என்றான். அதற்கு மாற்றாக அவன் அமைக்க விரும்பியது ஒரு போர்க்களம்.

சிறு பொம்மைகளைக் கொண்டு போர் நடத்தும் விளையாட்டு மேலைநாடுகளில் பழமையானது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பார் 1812இல் தம் மன்னருக்கு, மேடும் பள்ளமும் ஆறும் அமைந்த சுண்ணச் சாந்துக் கட்டைகளை அடுக்கிப் போர் பயிலும் மேசை ஒன்றைச் செய்தளித்தார். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலில் இவ்விளையாட்டுக்கு விதிகள் வகுத்தார். பொம்மைப் போரைச் சில முறை ஆடினாலே உண்மைப் போர் எத்துணைப் பெரிய மடமை என்பது விளங்கும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே உலகப் போர் மூண்டது.

எங்கள் மகன் தேர்ந்த களம் தொலைவில் இல்லை. கோழிக்கோட்டுச் சாமூதிரி 1504இல் கொச்சியின்மேல் படையெடுத்து வந்தார். கொச்சி அரசருக்குத் துணைநின்ற போர்த்துக்கீசியத் தளபதி துவார்த்தே பச்சேக்கு, தம்மவர் ஏறத்தாழ நூற்றைம்பது பேரைக் கொண்டு, நமக்கு அண்மையிலுள்ள கும்பளம், பள்ளுருத்திப் பக்கத்து நீர்க்கடவுகளில் நின்று எதிர்த்தார். சாமூதிரியின் படையைப் பல பதினாயிரம் எனப் போர்த்துக்கீசிய ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். மார்ச்சு முதல் சூலை வரை முயன்றும் அப்படை கடவைக் கடந்து நிலைகொள்ள இயலவில்லை.

களம் அமைக்கத் தொடங்கியதும் அளவுச் சிக்கல் எழுந்தது. கொலுவில் தேரைவிடப் பெரிய செட்டியார் இருப்பார், யாரும் குறைகூறுவதில்லை. அவனோ, ஐந்தரை அடி மனிதன் ஓர் அங்குலம் என வகுத்தான். அக்கணக்கில் ஐம்பதடித் தென்னை ஒன்பது அங்குலம். நானூறு அடிக் கடவோ ஆறடிக்கு மேல் நீளும். கூடத்தில் நாங்கள் நிற்க இடமிராது! இதற்கும் அவ்விளையாட்டினர் வழி கண்டுள்ளனர். நிலத்துக்கு ஓர் அளவு, ஆளுக்கு வேறோர் அளவு. ஒரு பொம்மை இருபது வீரருக்கு ஈடு. ஆகவே போர்த்துக்கீசியர் எண்மரே. எதிர்ப்படைக்கு ஆயிரக்கணக்கில் களிமண் உருட்ட வேண்டுமே என வீட்டில் அனைவரும் மலைத்தபோது, அவன் சிரித்தான். கடவு இத்தனை குறுகலாயின், எத்தனை பேர் வந்தாலும் முன்வரிசையில் நிற்பவர் சிலர்தாமே!

கொச்சிக் காயலில் ஓதம் ஏறி இறங்கும் அளவு, மிகுந்த நாளிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அவனது அளவுகோலில் அது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். அந்த அரை அங்குலத்தைக் காட்ட மணல்மேல் நீலக் கண்ணாடித்தாளை விரித்தான். தாள் இருந்தால் ஏற்றம், எடுத்தால் வற்றம். வற்றத்தில் ஆள் நடந்து இறங்கலாம், ஏற்றத்தில் இயலாது. திருக்குறளில் காலமறிதலும் இடனறிதலும் அடுத்தடுத்த அதிகாரங்களாக அமைந்ததன் பொருள் எங்களுக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்த வீட்டுச் சேட்டன் முதிய மீனவர். கிறிஸ்துமசுக்குப் புல்க்கூடு அமைப்பதில் தேர்ந்தவர். சாக்குத்துணியைக் களிமண் குழம்பில் தோய்த்துப் போர்த்தினால் மேடு உதிராது என்று மகனுக்குக் கற்பித்தவர் அவரே. சுண்டல் வாங்க வந்த நாளில் களத்தைக் குனிந்து நெடுநேரம் நோக்கினார். பின், ஒரு மணல் திட்டை விரலால் மெல்ல ஒதுக்கி, வற்றத்தின் இழுப்பு இக்கரையைத்தான் அரிக்கும், ஆகையால் ஆழம் இப்பக்கம் என்றார். பதினாறு ஆண்டுகள் அவருக்கு அண்டையில் வாழ்ந்தும், அந்நீரைப் பற்றி ஒரு சொல்லும் நாங்கள் அவரிடம் கேட்டதில்லை. நாணினோம்.

பாட்டியார்தாம் இறுதிவரை மனம் ஒப்பவில்லை. "ஏண்டா கண்ணா, அம்பாள் மகிஷனை வதைத்ததும் யுத்தம்தான். இதில் அசுரன் யார்?" என்று கேட்டார். எங்கள் மகன் விடை கூறவில்லை. காக்க வந்தவர் காலூன்றினர். அவரை 1663இல் டச்சுக்காரர் அகற்றினர். டச்சுக்காரரை 1795இல் ஆங்கிலேயர் அகற்றினர். சேற்றில் வீழ்ந்தவருள் மிகப்பலர் இம்மண்ணின் மக்கள். சற்று நேரம் கழித்து அவன் பொம்மைகள் அனைத்தையும் எடுத்துவிட்டுத் தோணி ஒன்றை மட்டும் கடவில் நிறுத்தினான். பாட்டியார் அதற்குக் குங்குமமிட்டார்.

நாள்தோறும் நாங்கள் பணிக்குச் செல்லும் வில்லிங்டன் தீவும், காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி மனிதர் ஆக்கிய நிலமே. கையால் ஆக்கிய நிலத்தில் ஊதியம் பெற்றுக்கொண்டு, இது நம் நிலமன்று என்று இத்தனை ஆண்டும் சொல்லி வந்திருக்கிறோம்.

விசயதசமிக்கு மறுநாள் பொம்மைகள் பெட்டிக்குத் திரும்பின. மணலை மகனும் சேட்டனும் வாளியில் சுமந்து காயற்கரையில் கொட்டினர். சொந்த ஊருக்கு மாற்றல் வேண்டி ஆண்டுதோறும் நாங்கள் எழுதும் விண்ணப்பம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இவ்வாண்டு அதில் இன்னும் ஒப்பமிடவில்லை.